டேஷ்போர்டு பிசுபிசுப்பு, வெள்ளைக் கறை, டேப் கோந்து: கார் உள்பக்க பிளாஸ்டிக்கைச் சுத்தம் செய்யும் முறை

வாட்டர் வாஷ் முடிந்து வந்த வண்டியில் டேஷ்போர்டு பளபளக்கும். நாலு நாள் வெயிலில் நின்றதும் அதே டேஷ்போர்டைத் தொட்டால் விரல் ஒட்டும். தூசி வந்து அப்பிக்கொள்ளும். ஏசி வென்ட்டின் இடுக்கிலும் ஸ்பீக்கர் துளைகளிலும் வெளிறிய பசை தங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் துணி போன தடம்தான் விழும். அதை மறைக்க மறுபடி பாலிஷ் அடிப்பார்கள். கன்சல்டிங்கில் பழைய வண்டி எடுத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். விற்பனைக்கு நிற்கும் வண்டிக்குள் எத்தனை அடுக்கு பாலிஷ் ஏறியிருக்கிறது என்பது வாங்கி ஓட்டத் தொடங்கிய பிறகுதான் வெளியே வரும்.

இதை எடுக்க விலை உயர்ந்த மருந்து எதுவும் வேண்டாம். முதலில் மேலே பூசுவதை நிறுத்துங்கள். ஒட்டியிருப்பது எண்ணெயா, மெழுகா, உப்பா, கோந்தா என்று கண்டுபிடியுங்கள். அதைக் கரைக்கக்கூடியவற்றில் எது மிகச் சாதுவானதோ அதில் தொடங்குங்கள். நான் பார்த்தவரை, அழுக்கால் கெட்ட பிளாஸ்டிக்கைவிட அவசரத்தில் ஊற்றிய தின்னராலும் அழுத்தித் தேய்த்த பாத்திர நாராலும் கெட்ட பிளாஸ்டிக்தான் அதிகம்.

ஒட்டியிருப்பது என்ன?

வண்டியை நிழலில் நிறுத்துங்கள். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பிளாஸ்டிக்குக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணில் படாமல் இருந்த திட்டும் கோடும் அப்போது தெரியும்.

அடுத்து, ஒரு வெள்ளை டிஷ்யூவை அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பஜ்ஜி வைத்த காகிதத்தில் தெரியும் அந்த ஊடுருவும் கறை தெரிந்தால் அது சிலிகான் பாலிஷ். டிஷ்யூவில் எதுவும் ஏறாமல், பிளாஸ்டிக்கில் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் மூன்றில் ஒன்றாக இருக்கும்: காய்ந்த பாடி பாலிஷ், தண்ணீரின் உப்பு, அல்லது கீறல். தண்ணீர் தொட்டால் மூன்றுமே மறைந்து, காய்ந்ததும் திரும்ப வரும். அதனால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். பல்குச்சியின் முனையால் மெல்லச் சுரண்டுங்கள். மாவாக உதிர்ந்தால் பாலிஷ் அல்லது உப்பு. அதில் ஒரு சொட்டு வினிகர் வைத்துத் துடைத்துக் காயவிட்ட பிறகு வெள்ளை திரும்ப வராவிட்டால் உப்பு. சுரண்டியும் ஒன்றும் உதிரவில்லை என்றால் அது கீறல். அதைச் சுத்தம் செய்து எடுக்க முடியாது.

கையில் இருக்க வேண்டியவை

மைக்ரோஃபைபர் துணி ஐந்தாறு. ஒரு அங்குல அகலத்தில் மென்மையான பெயின்ட் பிரஷ் ஒன்று, குழந்தைகள் பல் துலக்கும் பிரஷ் ஒன்று. ஒரு ஸ்ப்ரே பாட்டில். கார் அக்சஸரீஸ் கடையில் ஆல் பர்ப்பஸ் கிளீனர் என்று கேட்டால் தருவார்கள். அதை உள்பக்கத்துக்கு 1:10 என்ற அளவில் கலக்க வேண்டும், அதாவது 500 மில்லி தண்ணீருக்கு 50 மில்லி. அது கிடைக்காவிட்டால் பாத்திரம் துலக்கும் லிக்விட் அரை ஸ்பூனை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அதுவே போதும்.

இவற்றோடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில். ஊசி போடும் முன் தோலைத் துடைக்கிற ஆல்கஹால் பஞ்சுப் பாக்கெட்டும் அதேதான். அதில் 70 சதவீதம் இந்த ஆல்கஹால். செல்போன் பழுது பார்ப்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பதும் இதுவே. கை கழுவும் சானிட்டைசரை இதற்குப் பதிலாக எடுக்காதீர்கள். அதில் கிளிசரினும் கெட்டியாக்கும் பொருளும் இருக்கின்றன, அவையே புதிய கறையாக நின்றுவிடும். வெள்ளை வினிகர், தேங்காய் எண்ணெய், பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பர் மூன்றும் வீட்டிலேயே இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். போர் தண்ணீர் உப்பாக உள்ள ஊர்களில், துடைத்துக் காய்ந்த பிறகு தெரியும் வெள்ளைக் கறை பாதி அந்தத் தண்ணீர் விட்டுப்போனதுதான். கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டிக்கு இரண்டு லிட்டர் போதும்.

அடிப்படை முறை

எந்தக் கறைக்கும் இதுதான் அடித்தளம். கறைக்கு ஏற்ப இதில் ஒன்றிரண்டு படிகள் மட்டும் மாறும்.

முதலில் பிளாஸ்டிக் ஆற வேண்டும். 2018-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் செய்த ஓர் ஆய்வில், வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வரை சூடானது. நம் ஊர்ச் சித்திரை வெயிலும் லேசுப்பட்டது இல்லை. அந்தச் சூட்டில் கிளீனரைத் தெளித்தால் துடைப்பதற்குள் காய்ந்து, அதுவே ஒரு படலமாக இறுகிவிடும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் செய்வது நல்லது. நாலு கதவையும் திறந்து வைத்துவிடுங்கள்.

இரண்டாவதாக, ஈரம் படுவதற்கு முன்பே தூசியை எடுங்கள். வேக்குவம் இருந்தால் அது, இல்லாவிட்டால் உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு உலர்ந்த துணி. இந்தப் படியைத் தாண்டினால் மண் தூள் சேறாகி, தேய்க்கத் தேய்க்கக் கீறல் போடும்.

மூன்றாவது, கண்ணில் படாத ஓர் இடத்தில் சோதனை. கிளவ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் வசதி. எந்தத் திரவமானாலும் அங்கே ஒரு நாணய அளவுக்குத் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். நிறம் துணியில் ஏறினாலோ, இடம் மங்கினாலோ, ஒட்டும் தன்மை வந்தாலோ அந்தத் திரவம் உங்கள் வண்டிக்கு ஆகாது.

நான்காவது, கிளீனரை டேஷ்போர்டின் மேல் தெளிக்காமல் பிரஷிலோ துணியிலோ தெளியுங்கள். நேராகத் தெளித்தால் பவர் விண்டோ சுவிட்ச், ஸ்டீரியோ, ஏசி கன்ட்ரோல் ஆகியவற்றின் இடுக்கில் இறங்கிவிடும். இரண்டு கை அகலத்துக்கு ஒரு பகுதியாக எடுத்து, மேலிருந்து கீழாகப் போங்கள். பிரஷை வட்டமாக, அழுத்தாமல் சுழற்றினால் நுரை வரும். அரை நிமிடம், அதிகபட்சம் ஒரு நிமிடம், அவ்வளவே.

இங்கே பிரஷ் ஏன் என்று கேட்கலாம். டேஷ்போர்டும் டோர் பேடும் வழவழப்பான பரப்பு இல்லை. தோலின் வரிகளைக் காட்டும் விதமாக நுண்ணிய மேடும் பள்ளமும் வைத்து வார்க்கப்பட்டவை. அம்மியைத் துணியால் வழித்தாலும் கொத்திய குழிகளில் அரைத்தது தங்கிவிடுவது போல, துணி மேடுகளை மட்டும் துடைத்துவிட்டுப் போகும், பள்ளத்தில் இருப்பது அப்படியே கிடக்கும். அதனால்தான் எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் வெள்ளை போகவில்லை என்ற புலம்பல். முடி பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். அழுத்தினால் முடி மடிந்துவிடும், இறங்காது.

ஐந்தாவது, நுரை காய்வதற்குள் ஒரு துணியால் ஒற்றி எடுங்கள். உடனே கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த வேறொரு துணியால் இரண்டு முறை துடையுங்கள். கடைசியில் உலர்ந்த துணி. நடுவில் வரும் அந்த ஈரத்துணிப் படியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். கிளீனரும் ஒரு பொருள்தான். அலசாமல் விட்டால் அதுவும் காய்ந்து படியும்.

காய்ந்ததும் மறுபடி பக்கவாட்டு டார்ச். திட்டு மிச்சம் இருந்தால் மருந்தின் வீரியத்தைக் கூட்டாமல் இதே சுற்றை இன்னொரு முறை செய்யுங்கள்.

சிலிகான் பாலிஷ் பிசுக்கு

கடைகளில் டேஷ்போர்டு பாலிஷ் இரண்டு வகையாக வரும். பால் நிறத்தில் இருப்பது தண்ணீரில் கலந்த சிலிகான். கண்ணாடிபோல் தெளிவாக, வழுக்கலாக இருப்பது எண்ணெய்க் கரைப்பானில் கலந்தது. இரண்டிலும் தண்ணீரும் கரைப்பானும் ஆவியாகிவிடும், சிலிகான் எண்ணெய் மட்டும் மேலே தங்கும். துடைத்து எடுக்காமல் மேலும் மேலும் பூசினால் அந்த எண்ணெயில் தூசி குழைந்து பிசுக்காகிறது.

சிலிகான் தண்ணீரில் கரையாது. ஆல்கஹாலிலும் சரியாகக் கரையாது. அதனால் ஆல்கஹாலைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றித் துடைப்பதில் பயன் இல்லை, எண்ணெய் இடம் மாறும், அவ்வளவுதான். இங்கே வேலை செய்வது சோப்புத்தன்மை. மேலே சொன்ன ஆல் பர்ப்பஸ் கிளீனரோ பாத்திர லிக்விடோ எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்க வைக்கும், துணி அதை எடுத்துக்கொள்ளும். பல அடுக்கு ஏறியிருந்தால் ஒரே சுற்றில் வராது. முதல் சுற்றில் துணி சாம்பல் நிறமாகும், பிளாஸ்டிக் இன்னும் மோசமாக, திட்டுத்திட்டாகத் தெரியும். அது சரியான அறிகுறி, மேல் அடுக்கு ஒரே சீராக வரவில்லை என்றுதான் பொருள். பயந்து பாலிஷை எடுக்காமல் அடுத்த சுற்றுக்குப் போங்கள். துணியை மடித்து மடித்துப் புதிய பக்கத்தைப் பயன்படுத்துவது முக்கியம். எண்ணெய் ஏறிய பக்கத்தால் துடைத்தால் எடுத்ததைத் திரும்பப் பூசுகிறீர்கள்.

பிளாஸ்டிக் காய்ந்ததும் வழுக்கல் இல்லாமல், கொஞ்சம் சொரசொரப்பாக, மங்கலாக இருந்தால் முடிந்தது. அந்த மங்கல் குறை அல்ல. டேஷ்போர்டின் மேல்பாகத்தைப் பளபளப்பில்லாமல் வார்ப்பதற்குக் காரணமே, முன்கண்ணாடியில் அதன் பிம்பம் விழுந்து ஓட்டுநர் கண்ணை மறைக்கக் கூடாது என்பதுதான்.

ஸ்டியரிங்கிலோ, கியர் குமிழிலோ, கிளட்ச்-பிரேக் பெடலிலோ பாலிஷ் பட்டிருந்தால் மற்ற எதையும் தொடுவதற்கு முன் அதை எடுங்கள். இது அழகு சம்பந்தப்பட்டது இல்லை. திருப்பும்போது கை வழுக்கினால், பிரேக்கில் செருப்பு வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பள்ளங்களில் காய்ந்த வெள்ளைப் பாலிஷ்

வெளியே பாடிக்குப் போட்ட பாலிஷும் வாக்ஸும் கதவு ஓரத்திலும், கண்ணாடி பீடிங் அருகிலும், வாசல் படி பிளாஸ்டிக்கிலும் தெறித்துக் காய்ந்திருக்கும். பாலிஷில் தேய்ப்புக்கான நுண்ணிய தூள் உண்டு. வாக்ஸில் மெழுகு உண்டு. மெழுகு காய்ந்து தூளைப் பள்ளத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது. கறுப்பு பிளாஸ்டிக்கில் இது பளிச்சென்று தெரியும்.

இங்கே சூடு உதவும். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கை பொறுக்கும் சூடு வரும்வரை காட்டுங்கள். உடனே கிளீனர் தொட்ட குழந்தை பிரஷால் தேய்த்து, மெழுகு மறுபடி இறுகுவதற்குள் துணியால் ஒற்றி எடுங்கள். இதற்கும் வராத இடங்களில் வெள்ளை ரப்பரை எடுத்து, உலர்ந்த நிலையில், ஒரே திசையில் அழியுங்கள். ரப்பர் தூளோடு வெள்ளையும் சுருண்டு வரும். எளிமையாகத் தெரிந்தாலும் இது நன்றாக வேலை செய்யும் வழி. மேடு பள்ளம் உள்ள கறுப்பு பிளாஸ்டிக்குக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். பியானோ பிளாக் என்கிற, கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் ரப்பர் கீறிவிடும். கடையில் விற்கும் மேஜிக் ஸ்பாஞ்சும் இதே காரணத்தால் வேண்டாம். அது மெலமைன் நுரை, நுண்ணிய உப்புத்தாள் அளவுக்குத் தேய்க்கும். தேய்த்த இடம் நிரந்தரமாகப் பளபளத்து, சுற்றியுள்ள பரப்போடு சேராது.

உப்புக் கறை என்று உறுதியானால் வினிகரையும் கேன் தண்ணீரையும் சமமாகக் கலந்து துணியில் தொட்டு ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். பிறகு தண்ணீர்த் துணி. வேறு எதுவும் தேவையில்லை.

டேப், ஸ்டிக்கர் கோந்து

டேஷ்போர்டில் வைத்த பிள்ளையார், செல்போன் ஸ்டாண்டு, பெர்ஃப்யூம் பாட்டில் ஆகியவற்றை எடுத்த பிறகு இரட்டைப் பக்க டேப்பின் நுரையும் கோந்தும் தங்கிவிடும். பொருள் இன்னும் ஒட்டியிருக்கிறது என்றால் நெம்பாதீர்கள். டேஷ்போர்டின் மேல்தோல் பொருளோடு பெயர்ந்து வந்துவிடும். சூடு காட்டி, பிறகு மீன்பிடி நரம்பை அடியில் விட்டு ரம்பம் இழுப்பதுபோல் இப்படியும் அப்படியும் இழுத்தால் நுரை அறுபடும்.

மிஞ்சிய கோந்தைச் சூடு இருக்கும்போதே கட்டைவிரலால் உருட்டுங்கள். பெரும்பகுதி உருண்டையாகத் திரண்டு வந்துவிடும். பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் தள்ளலாம், பிளேடு மட்டும் கூடாது. அப்புறம் இருக்கும் மெல்லிய படலத்தின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி, அதன்மேல் எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்து அரை மணி நேரம் விடுங்கள். எண்ணெய் கோந்தை ஊறவைத்து இளக்கும். துடைத்துவிட்டு, மிச்ச எண்ணெயை அடிப்படை முறைப்படி சோப்பால் எடுங்கள். இதிலும் மிஞ்சுகிற படலத்துக்கு ஆல்கஹால் பஞ்சு. ஆல்கஹால் ஆவி 12 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடியது. கதவு திறந்திருக்கட்டும், பக்கத்தில் ஊதுபத்தி, சிகரெட் எதுவும் வேண்டாம்.

யூகலிப்டஸ் தைலம் கோந்தை வேகமாக எடுக்கும் என்பது உண்மை. ஆனால் சில பிளாஸ்டிக்குகளையும் அது இளக்கும், குறிப்பாக ஏபிஎஸ் என்கிற வகையை. ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த ஸ்டிக்கர் ரிமூவர்களுக்கும் இதே எச்சரிக்கை. மற்ற எல்லாம் தோற்ற பிறகு, ஒரே சொட்டு, சில நொடிகளில் துடைத்துவிடுவது என்றால் பயன்படுத்தலாம்.

பயணி பக்கத்தில் ஏர்பேக் எழுத்து உள்ள பகுதியில் மட்டும் கூடுதல் கவனம். அங்கே ஹேர் டிரையர் காட்டாதீர்கள், கார்டால் அழுத்தாதீர்கள், விளிம்பில் திரவம் இறங்க விடாதீர்கள். ஊறவைத்து எடுப்பது மட்டும். உள்ளதைச் சொன்னால், அந்த மூடியின் மேல் எந்தச் சிலையும் ஒட்டக்கூடாது. ஏர்பேக் விரியும்போது அது முகத்தை நோக்கித்தான் பறக்கும்.

ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருந்தால் நிலைமை வேறு. அதைக் கரைப்பது அசிட்டோன், பல நெயில் பாலிஷ் ரிமூவர்களில் இருப்பது. அசிட்டோன் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே கரைத்துவிடும். பாகத்தைக் கழற்றிப் பின்னால் பார்த்தால் பிளாஸ்டிக்கின் வகை அச்சாகியிருக்கும், ஆனால் அதற்காக டேஷ்போர்டைக் கழற்றுவது புதியவர் வேலை அல்ல. கட்டியை அப்படியே விடுங்கள். அதைச் சுற்றிப் பனி படர்ந்ததாகத் தெரியும் வெள்ளை, பசையின் ஆவி படிந்தது. அது வெள்ளை ரப்பருக்குப் பெரும்பாலும் வந்துவிடும்.

ஆயுத பூஜைக்குப் பிறகு

சந்தனம், குங்குமம், விபூதி மூன்றையும் ஈரம் படாமல் முதலில் எடுங்கள். பிரஷால் தட்டி வேக்குவம் பிடியுங்கள். குங்குமத்தில் தண்ணீர் பட்டால் சாயம் கரைந்து பள்ளங்களில் ஓடும், பிறகு பாடுதான். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவப்பாக மாறும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் நிறம் மாறும் இயல்புடையது. கறை பெருகிவிட்டதாகப் பதற வேண்டாம். குர்குமின் ஆல்கஹாலில் கரையும் என்பதால் ஆல்கஹால் பஞ்சால் ஒற்றுங்கள். எஞ்சும் லேசான மஞ்சளை வெயிலே சில நாட்களில் வெளுக்க வைத்துவிடும்.

கறை என்று நினைத்துத் தேய்க்கக் கூடாதவை

சில ஐரோப்பிய வண்டிகளிலும் வேறு சிலவற்றிலும் சுவிட்ச், கதவுக் கைப்பிடி மேல் ரப்பர் போன்ற மெத்தென்ற பூச்சு இருக்கும். ஈரப்பதமும் சூடும் சேர்ந்து பல வருடங்களில் அந்தப் பூச்சைச் சிதைத்துப் பிசுபிசுப்பாக்கும். அது மேலே படிந்தது அல்ல, பூச்சே அழுகுவது. ஆல்கஹால் தேய்த்தால் பூச்சு முழுவதும் கழன்று கீழே உள்ள வழுவழுப்பான பிளாஸ்டிக் தெரியும். அப்படியே முழுதாக எடுத்துவிட விரும்பினால் செய்யலாம், பாதியில் நிறுத்தினால் அசிங்கமாக இருக்கும்.

திரவ பெர்ஃப்யூம் கொட்டிய இடம் சுருங்கியோ குழைந்தோ இருந்தால் அந்த நறுமண எண்ணெய் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிட்டது. அதற்கும் சுத்தம் செய்தல் மருந்தில்லை, பாகத்தை மாற்றுவதுதான் வழி.

மீட்டர் கண்ணாடி உண்மையில் தெளிந்த பிளாஸ்டிக். அதிலும், தொடுதிரையிலும், பியானோ பிளாக்கிலும் பிரஷ், ஆல்கஹால், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் மூன்றும் கூடாது. ஈரமான புதிய மைக்ரோஃபைபர், அழுத்தம் இல்லாமல், அவ்வளவே. பெட்ரோல், தின்னர், பற்பசை, பிளீச் ஆகியவற்றுக்கு வண்டியின் உள்ளே எந்த இடத்திலும் வேலை இல்லை.

எடுத்த பிறகு

ஒன்றும் பூசாமல் விடலாம். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து, நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பு வைத்தாலே பிளாஸ்டிக் வெகுகாலம் வரும். பூசியே ஆக வேண்டும் என்றால் மேட் என்று குறிப்பிட்ட, தண்ணீர் கலந்த, புற ஊதாக் கதிர்த் தடுப்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்பாஞ்சில் இரண்டு சொட்டு விட்டு மெல்லப் பரப்பி, ஐந்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் முழுவதும் துடைத்துவிடுங்கள். தொட்டால் விரலில் ஒன்றும் ஒட்டக் கூடாது. அடுத்த முறை வாட்டர் வாஷுக்கு விடும்போது, உள்ளே பாலிஷ் அடிக்க வேண்டாம் என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அடித்துவிடுவார்கள்.

பயன்படுத்திய துணிகளைப் பாத்திர லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துத் தனியாகத் துவையுங்கள். துணி மென்மையாக்கும் கண்டிஷனர் சேர்க்க வேண்டாம். அது இழைகளில் ஒரு படலமாகத் தங்கி, அடுத்த முறை துடைக்கும்போது டேஷ்போர்டில் கோடு விடும்.